வரதன் கழனியில் ஐந்து வளையம்

மேரி அக்கா டீ குடித்து முடித்ததும் டம்ளரை உடனே வைத்துவிட மாட்டார். அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பார். காலருகே குனிந்து, தரையை ஒட்டினாற்போல் டம்ளரைச் சாய்த்து, அதைச் சத்தமில்லாமல் ஊற்றுவார். வீசி ஊற்ற மாட்டார். வீசினால் வீசிய பக்கம்தானே ஓடும். ஊற்றியது முதலில் வட்டமாகத் தேங்கும். விளிம்பில் புழுதி ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகும். பிறகு ஏதோ ஒரு பக்கம் மூக்கு முளைத்தது போல் நீண்டு, இரண்டு விரற்கடை தூரம் போய் நின்றுவிடும். அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டிக்கொள்வார். அதன் பிறகுதான் டம்ளர் பெஞ்சுக்கு வரும். டீக்கடையில் மட்டும் என்றில்லை. ஆஸ்பத்திரி வாசல், சர்ச்சு வளாகம், கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம், எங்கே நின்றாலும் மிச்சத் தண்ணீருக்கு இந்தச் சோதனை உண்டு.

2015 டிசம்பரில் மூன்று நாள் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்கப்புறம் வந்த பழக்கம் இது என்பார் ஜான் அண்ணன். ஜான் அண்ணன் மேரி அக்காவின் வீட்டுக்காரர். உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். சில பொம்பளைகளுக்குப் புருஷன் மேல் சந்தேகம், என் பொண்டாட்டிக்குத் தரை மேல் சந்தேகம் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். மேரி அக்கா சிரிக்க மாட்டார்.

மேரி அக்கா பிறந்தது தென்னேரிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அறுப்புக்குப் போகிறவர்கள். ஒன்பதாவது வரை படித்தார். 2003இல் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தார். உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். சாலை மேற்கே. கிழக்கே ஏரியின் உபரித் தண்ணீர் போகும் ஓடை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் காலனி. காலனியை ஒட்டி வடக்கே வரதனின் கழனி, ஐந்து ஏக்கர், ஒரே பரப்பு. வந்த வருடத்திலிருந்து மேரி அக்கா அந்தக் கழனியில்தான் நடவு நட்டார். காலனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்த நடவுக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான். நூறு நாள் வேலை வந்தபோது, கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், அதற்குப் பொறுப்பாளர் ஆனார். குழியின் நீளம் அகலம் ஆழம் அளந்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. ஆழம் அரை ஜாண் குறைந்தாலும் எழுத மாட்டார். அதனால் அவருக்குப் பின்னால் திட்டும் உண்டு.

காலனித் தெருவின் கிழக்குக் கடைசியில், ஓடைக்கு முன்னால், அவர் வீடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கத் திட்டத்தில் கட்டியது. திட்டத்தில் சொன்ன அடிமட்டம் போதாது என்று, ஜான் அண்ணன் மில்லுக்குப் போன பிறகு தானே கூடையில் மண் சுமந்து போட்டு இரண்டடி உயர்த்தினார். மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இனிமேல் என் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று கிரகப்பிரவேச ஜெபத்தன்றைக்கு எல்லோரிடமும் சொன்னார். அவர் பெருமை பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

2023இல் சாலையை அகலப்படுத்தி உயர்த்தினார்கள். சாலையில் விழும் மழைத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோகச் சிமென்ட் வடிகால் ஒன்று போடுவதாகத் திட்டம் வந்தது. வரைபடம் போட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி. ஊராட்சிச் செயலர் தினகரன் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேரி அக்கா மட்டும் அதைப் பெரிதாக எடுக்க வேண்டும் என்று நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். காலனியில் எங்கள் வீடு அவர் வீட்டுக்கு நான்கு வீடு மேற்கே.

நான்கு தாள்களில் எடுத்து டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். கவுன்டரில் விரித்து நெடுநேரம் பார்த்தார். தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தில் கோடுகள் நெளிந்து நெளிந்து போயின. நடுநடுவே எண்கள்.

"இன்னா தம்பி இது, கைரேகை பாக்கறவன் கிறுக்கின மாரி கீது?"

சம உயரக் கோடு என்றேன். பத்தாவது புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கற்பனைக் கோடு. சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது. வாடிக்கையாளர் யாரிடமும் நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. இல்லாத கோட்டை எதற்கு வரைகிறான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தாளை மடித்துக் காட்டினேன். ஸ்டேப்ளர் டப்பாவை மலையாக வைத்துக் காட்டினேன். எதுவும் எடுபடவில்லை. பின்னால் இரண்டு பேர் ஆதார் நகலுக்கு நின்றார்கள். 

அவரே சட்டென்று நிமிர்ந்தார். "சித்திரை மாசம் ஏரி வத்துறப்போ, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கீய எறங்கிக்கினே, சேத்துல கோடு கோடா வுட்டுட்டுப் போவுதே. அதுவா?"

அதுவேதான். ஒரு நாள் தண்ணீர் நின்ற விளிம்பு முழுக்க ஒரே உயரம். அடுத்த வாரத்து விளிம்பு அதற்குக் கீழே ஒரே உயரம். கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். சமமாக இருக்கும் இடத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மாடு மேயலாம். புத்தகத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. விரலை வைத்துக்கொண்டு போனார். சாலை எழுபத்து நான்கு. காலனித் தெரு எழுபத்திரண்டு. ஓடை எழுபது. மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. சரிதான் என்று தலையாட்டினார். விரல் வடக்கே நகர்ந்தது. நின்றது. வரதன் கழனி இருக்க வேண்டிய இடத்தில் வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து. வெளியே எழுபத்து மூன்று, உள்ளே போகப் போக எழுபத்து நான்கு, ஐந்து, ஆறு, நடுவில் எழுபத்தேழு.

வளையம் என்றால் குளமா, மேடா என்று கேட்டார். உள்ளே எண் ஏறினால் மேடு என்றேன். வெளி வளையத்துக்கு வெளியே எழுபத்திரண்டு. உச்சிக்கும் அதற்கும் ஐந்து மீட்டர் வித்தியாசம். பதினாறு அடி. எங்கள் கடையும் அதற்கு மேலே உள்ள அறையும் சேர்ந்த உயரம்.

"வரதன் கயினில மலையா?" முதல் தடவை அவர் சிரிக்கத்தான் சிரித்தார்.

பிறகு நீலக் கோட்டைப் பார்த்தார். அதுதான் வடிகால். சாலையிலிருந்து நேராகக் கிழக்கே வந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் வந்ததும், நாயைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவன் மாதிரி தெற்கே திரும்பிக் காலனித் தெருவுக்குள் நுழைந்தது. தெரு முழுக்க ஓடி, கடைசி வீட்டுச் சுவரை ஒட்டி ஓடையில் சேர்ந்தது. கடைசி வீடு அவருடையது. ஓடை நிரம்பினால் தண்ணீர் அதே வடிகால் வழியாகத் திரும்பி வரும். வந்து முதலில் ஏறும் படி அவர் வீட்டுப் படி.

மறுவாரம் கம்பெனியின் இன்ஜினியர் ஜெகன் ஊருக்கு வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பையன். தினகரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். மேரி அக்கா தாளை நீட்டி, இந்த மேட்டை எனக்குக் காட்டுங்கள் என்றார். ஜெகன் சாலையில் நின்றபடியே கழனியைப் பார்த்தார். நடவு முடிந்து பச்சை தளதளவென்று நின்றது, பாய் விரித்தது போல். உயரம் சேட்டிலைட் எடுத்தது மேடம், கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட அதற்குத் தெரியும் என்றார். கண்ணுக்குத் தெரியாத பதினாறு அடியா என்று மேரி அக்கா கேட்டார். ஜெகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வாரம் அவருக்குப் பதினோரு ஊர்.

போகும்போது ஒன்று சொன்னார். வரப்பு ஓரமாக நேரே கொண்டுபோவதென்றால் அது பட்டா நிலம். நிலத்துக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் கோட்டை மாற்றலாம், மேடு இருந்தாலும் வெட்டிப் போடலாம். கடிதம் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைக்கு முன்னால் வர வேண்டும். அதற்கப்புறம் தீர்மானம் போய்விடும்.

ஆக, வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். இதை நான் இப்போது எழுதும்போது சுலபமாகத்தான் தெரிகிறது.

மேரி அக்காவுக்குக் கடிதத்தைவிட அந்த மேடுதான் உறுத்தியது. தப்பைத் தப்பு என்று நிரூபித்துவிட்டால் யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்று நினைத்தார். அரசாங்கத்தின் நில அளவை வரைபடம் ஒன்று இருக்கிறது, அதில் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். இறக்கிப் பார்த்தோம். அதில் இருபது மீட்டருக்கு ஒரு கோடு. எங்கள் ஊர், ஏரி, ஓடை, காலனி எல்லாம் சேர்ந்து இரண்டு கோடுகளுக்கு நடுவே வெள்ளையாகக் கிடந்தன. நம் ஊரைத் தொட்டு ஒரு கோடுகூடப் போகவில்லையே என்றார். ஒரு படத்தில் இல்லாத மலை இருக்கிறது, இன்னொரு படத்தில் இருக்கிற பள்ளம்கூட இல்லை. அவர் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பது ஒன்றரை அடி வித்தியாசத்தில் இருக்கிறது. ஒன்றரை அடியைக் காட்டும் படம் எதுவும் எங்களிடம் இல்லை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப்பைக் கடன் வாங்கினார். கண்ணாடி மாதிரி இருக்கும் நீள ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். நடவுக் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, மூன்று காலை, சாலையிலிருந்து வரப்பு வழியாக ஓடை வரை அளந்தார். குச்சி நட்டு, அளவை முழத்தில் எழுதாமல் சென்டிமீட்டரில் எழுதினார். வரதன் வரப்பு எங்கள் தெருவைவிட முப்பத்தைந்து சென்டிமீட்டர் பள்ளம். என்னிடம் டைப் அடிக்கச் சொல்லி ஜெகனுக்கு அனுப்பினார். நன்றி மேடம், இதை ரெக்கார்டில் ஏற்ற முடியாது, அங்கீகரித்த கருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் கும்பிடும் கை படம் ஒன்று. மேரி அக்கா அந்தக் கை படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், கழனிக்கே போனார். சம்மதம் கேட்கத்தான் புறப்பட்டார். அதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். போனில் வரைபடத்தைப் போட்டு, தான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுக்க நானும் கூடப் போனேன். வரப்பில் இறங்கி நடந்தோம். புள்ளி முதல் வளையத்தைத் தாண்டியது. இரண்டாவது. மூன்றாவது. உச்சி வளையத்துக்குள் புள்ளி வந்தபோது மேரி அக்கா கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு நத்தை அவர் கட்டைவிரலில் ஏறியது.

வரதன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னா மேரி, எங் கயினில இன்னா தேடிக்கினு கீற?"

"மலையத் தேடறேன் நைனா. காயிதத்துல இங்க ஒரு மலை கீதுன்றான்."

வரதன் போனை வாங்கித் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "கெடச்சா எனக்கும் சொல்லு. குவாரி வெச்சிப் பொழச்சிக்கறேன்."

அவர் சிரித்தார். நான் பார்த்தவரை அது சாதாரணச் சிரிப்பு. ஆனால் மேரி அக்காவின் முகம் இறுகிவிட்டது. பத்து நாளாக அலைந்து, டியூப்பைச் சுமந்து, கும்பிடும் கையைப் பார்த்து வந்தவருக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. காலைக்கூடக் கழுவாமல் வரப்பேறித் திரும்பிவிட்டார். நான் கேட்டிருக்கலாம். நான் அப்படியெல்லாம் கேட்கிறவன் இல்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஜான் அண்ணன்தான் அதைச் சொன்னது. யார் கழனி வடிகாலிலிருந்து தப்பித்ததோ அவன்தான் மேட்டை வரைய வைத்திருப்பான், இதற்குப் படிப்பு வேறு வேண்டுமா. உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஆமாம் என்றார்கள். சுடுகாட்டுப் பாதை வளைந்தது எப்படி, தண்ணீர்த் தொட்டி ஊருக்குள் போனது எப்படி என்று பழைய கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் கதைகளெல்லாம் உண்மைதான். அதனால் இதுவும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. வரைபடத்தின் தலையில் 2023 என்று போட்டிருந்தது. இந்த வருடத்துப் படத்தில், இந்த வருடம் இல்லாத மேடு எப்படி வரும்? யாராவது வரைந்தால்தானே.

கிராம சபை பள்ளிக்கூட வராண்டாவில். தினகரன் பதிவேட்டை விரித்துத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வடிகால் எட்டாவது. மேரி அக்கா எழுந்தார். நான் ஒட்டிக் கொடுத்த நான்கு தாளையும் விரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். காற்றில் அது படபடத்தது.

"எல்லாரும் பாருங்க. நைனா கயினில பதினாறு அடி ஒயரத்துக்கு மலை போட்டுக்கீது. நான் எறங்கி நின்னு பாத்துட்டேன், சேறுதான் கீது. மலை தானா மொளைக்காது. யாரோ சொல்லி வரைய வெச்சிக்கீறாங்க."

வரதன் தூண் ஓரமாக நாற்காலியில் இருந்தார். எழவில்லை. "யாரோன்னா யாரு? பேரச் சொல்லு."

"கயினி யாருதோ அவங்கதான்."

வரதன் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் ஏறவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இருவது வருசமா எங் கயினில எறங்கி ஏர்ற. என்னிக்காவது ஒரு வரப்ப நவத்தி வெச்சிப் பாத்துக்கீறியா? ஓரமா நாலடி வுட்டுடலாம்னு போன வாரம் தினகரன்கிட்ட சொன்னேன். கேளு அவன. அந்தப் பேச்சு இத்தோட செத்துது."

எல்லோரும் தினகரனைப் பார்த்தார்கள். அவர் பதிவேட்டில் ஒரு பக்கம் புரட்டினார். நைனா அப்படி வாய்வார்த்தையாகச் சொன்னது நிஜம், எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்றார். இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஜான் அண்ணன் கேட்டார். எழுத்தில் வராததை நான் எப்படிச் சொல்வது என்றார் தினகரன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியாத கேள்வி.

தீர்மானம் எட்டு, வரைபடத்தில் உள்ளபடியே நிறைவேறியது. மேரி அக்கா தாளை மடிக்கப் பார்த்தார். டேப் ஒட்டிய இடம் மடங்கவில்லை. சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் போகும்வரை நின்றார்.

மறுநாள் ஜான் அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரதன் வீட்டுக்குப் போனார். வரதன் மோர் கொடுத்து உட்கார வைத்தாராம். பேசினவள் வந்து பேசட்டும் என்றாராம். ஜான் அண்ணன் வந்து கெஞ்சினார். ஒரு வார்த்தை, தெரியாமல் சொல்லிட்டேன் நைனா என்று ஒரே ஒரு வார்த்தை. மேரி அக்கா அடுப்படியிலிருந்து திரும்பவே இல்லை.

"மொதல்ல மலைய எடுக்கச் சொல்லு. அப்பால வரேன்."

தை மாத நடவுக்கு வரதன் உத்திரமேரூரிலிருந்து நடவு மிஷின் கொண்டுவந்தார். பன்னிரண்டு பெண்களும் சாலையோரம் நின்று அது நடுவதைப் பார்த்தார்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாயடியில் மேரி அக்கா வந்தால் பேச்சு நின்றுபோகும். கூட டியூப் பிடித்த இரண்டு பேரில் ஒருத்தி, உன் மலையால் எங்கள் கஞ்சியில் மண் விழுந்தது என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். மேரி அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சொன்னது தப்பு என்று அவர் நம்பவில்லை. சரி என்று காட்டவும் முடியவில்லை.

2024 மாசியில் வடிகால் வந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கச் சிமென்ட் சுவர். அதன் மேல்மட்டம் மேரி அக்கா வீட்டு மூன்றாம் படிக்கும் மேலே இருந்தது. அந்த டிசம்பரில் புயல் மழை. சாலைத் தண்ணீர் முழுவதும், வரைபடத்தில் போட்டிருந்தபடி ஒரு சொட்டு பிசகாமல், தெருவுக்குள் வந்தது. ஓடை நிரம்பி எதிர்த்தது. காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் படியும் மறைந்தது. நானும் ஜான் அண்ணனும் அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு ஏற்றினோம். அவர்கள் மகள் ஏஞ்சல் நர்சிங் புத்தகங்களைப் பரணுக்குக் கொடுத்தாள். மேரி அக்கா எதையும் தூக்கவில்லை. கதவு நிலையில் கை வைத்தபடி, உள்ளே வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட் சுவருக்கு அந்தப் பக்கம், வரதன் கழனியில், வரப்புகள் வெளியே தெரிந்தன.

"அந்தக் கோட்ட நீ எனுக்கு சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது தம்பி" என்றார். திட்டுகிற குரல் இல்லை. சும்மா சொன்னார். நான் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து கட்டினேன்.

பொங்கல் முடிந்து கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். ஏன் என்று தெரியாது. கீழ் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அச்செடுத்த தாளில் அது வெறும் கறை போலத்தான் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் படித்தேன். உயரங்கள் எங்கிருந்து எடுத்தவை என்ற குறிப்பு. தேடிப் படித்தபோது தெரிந்தது: 2023 என்பது படம் வரைந்த வருடம்தான். உயரம் அளந்தது 2000 பிப்ரவரியில், பதினோரு நாள் பூமியைச் சுற்றிய ஒரு விண்கலம். அதன் ரேடார், மரங்கள் அடர்ந்த இடத்தில் தரைவரை முழுதாக இறங்காது. மரத்தின் மேற்பகுதியையே நிலம் என்று எண்ணிக்கொள்ளும். படித்துவிட்டு மூடிவிட்டேன். வரதன் கழனியில் மரம் ஏது? நெல்தான். எனக்குத் தெரிந்து நெல்தான். மேரி அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்தும் நெல்தான்.

மார்ச்சில் வரதன் கடைக்கு வந்தார். மகன்களுக்குப் பாகம் பிரிக்கிறாராம். பழைய காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் கேட்டார். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். ஏழாவதோ எட்டாவதோ ஒரு அடங்கல் நகல். எந்த நிலத்தில் எந்த வருடம் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதி வைப்பது. புல எண் அந்த ஐந்து ஏக்கருடையது. பசலி 1409 என்று இருந்தது. பசலியோடு 590ஐக் கூட்டினால் நம் வருடம். அதாவது 1999 ஜூலை முதல் 2000 ஜூன் வரை. பயிர் என்ற கட்டத்தில் நீல மையில் எழுதியிருந்தது: சவுக்கு, நான்காம் ஆண்டு, ஐந்து ஏக்கர் முழுவதும்.